வகுப்புக்கு எது சரி: வாட்ஸ்அப் குழுவா, கிளாஸ்ரூமா, விக்கியா, வலைப்பூவா?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறைகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். போன வருடம் வாட்ஸ்அப் குழு நடத்தியவர் இந்த வருடம் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறலாமா என்று கேட்பார். பயிற்சிக்குப் போய் வந்தவர் வலைப்பூ தொடங்கலாம் என்பார். இன்னொருவர் பிள்ளைகளை விக்கிப்பீடியாவில் எழுத வைக்க வேண்டும் என்பார். எல்லாமே காசில்லாமல் கிடைப்பவைதான். ஆனால் பாடம், தேர்வு, எமிஸ் எனும் கல்வித்துறைத் தளப் பதிவு, கூட்டங்கள் எல்லாம் போக ஓர் ஆசிரியருக்கு மிஞ்சும் நேரத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காக நடத்த முடியும். அந்த ஒன்று எது என்பதை வருடத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால் நல்லது.

கருவியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்த்து இதை முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு பிள்ளை எழுதி முடித்த பிறகு அந்த எழுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். அதை யார் படிக்கிறார்கள்? யார் திருத்துகிறார்கள்? அடுத்த வருடம் தேடினால் கிடைக்குமா? நோட்டில் எழுதிய கட்டுரையை ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார். சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு கையெழுத்து, அதோடு சரி. இணையத்தால் வகுப்பறைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய லாபம், அந்தப் பிள்ளைக்கு இரண்டாவதாக ஒரு வாசகர் கிடைப்பதுதான்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் எல்லாக் கருவியும் நல்லதாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு பணியை எடுத்துக்கொண்டு, அது ஒவ்வொன்றிலும் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். ஹைடெக் லேப் (கணினி அறை) வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைக்கும். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் பெரும்பாலும் அப்பாவுடையது. பணி, மழை நாட்குறிப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும், பள்ளியில் பெய்யும் மழையைப் பிள்ளைகளே அளந்து எழுத வேண்டும்.

இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதைக் கவிழ்த்துப் புனல்போல் செருகினால் மழைமானி தயார். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் ஓர் அளவுகோலை ஒட்டிவிட்டால் போதும். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளின் மழைக்கணக்கைக் காலை 8.30 மணிக்கு முடிக்கிறது. பள்ளிக்கு அது வசதியான நேரம். பிள்ளைகளும் அதே நேரத்தில் அளந்தால், பக்கத்து ஊர் மழைமானி நிலையத்தின் கணக்கோடு தங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எண்ணோடு நாலு வரியும் எழுத வேண்டும்: கண்மாயில் தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை வந்தது, எந்தத் தெருவில் தேங்கியது, பாட்டி இந்த மழைக்கு என்ன பெயர் சொன்னார்.

முதலில் வாட்ஸ்அப். அது ஏற்கெனவே எல்லார் போனிலும் இருக்கிறது. புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்பத் தெரிந்தால் போதும். மறுநாள் லீவு என்ற செய்தியைச் சொல்ல இதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

மழை நாட்குறிப்பை அதில் நடத்தினால் முதல் வாரம் உற்சாகமாகப் போகும். பிள்ளைகள் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள். போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுவதால் பாதிப் படங்கள் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வரும். அவற்றுக்கு நடுவே காலை வணக்கப் படங்கள், யாரோ ஒருவர் பகிர்ந்த வேலைவாய்ப்புச் செய்தி. நவம்பரில் ஒரு பிள்ளை, "போன மாதம் பெரிய மழை பெய்த அன்று எத்தனை மி.மீ.?" என்று கேட்டால் விரலால் தள்ளித் தள்ளித்தான் தேட வேண்டும். படத்துக்குள் இருக்கும் கையெழுத்து வாட்ஸ்அப் தேடலில் சிக்காது. போனில் இடம் நிறைந்துவிட்டது என்று அப்பா மொத்தத்தையும் அழித்துவிட்டால் மூன்று மாத உழைப்பும் அந்த வீட்டில் இல்லாமல் போகும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. சாதாரணக் குழுவில் ஒவ்வொரு வீட்டின் போன் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். அந்த எண்களுக்கு வேண்டாத செய்திகளும் அழைப்புகளும் போக வாய்ப்பிருக்கிறது. பெண்பிள்ளைகளின் வீடுகளில் குழுவே வேண்டாம் என்று விலகிக்கொள்ள அந்தப் பயம் ஒன்றே போதும். வாட்ஸ்அப்பிலேயே உள்ள கம்யூனிட்டி அமைப்பின் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. குழு கட்டாயம் வேண்டும் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள். அப்போது அது ஓர் அறிவிப்புப் பலகையாக இருக்கும். வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த வேலை போதும்.

அடுத்து கூகுள் கிளாஸ்ரூம். 2014இல் வந்தது. 2017 முதல் சாதாரண ஜிமெயில் வைத்திருப்பவர்களும் பயன்படுத்தலாம். வீட்டுப்பாடம் கொடுக்க, கெடு வைக்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நகல் தானாகப் போக, திருத்திக் குறிப்பெழுத, மதிப்பெண் போட என்று ஆசிரியரின் வேலையை நன்றாகப் புரிந்துகொண்டு செய்த கருவி. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் தயங்காமல் இதைச் சொல்வேன். ஒரு பிள்ளையின் தவறு மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் திருத்த முடிவது பெரிய வசதி. நாற்பது பேர் முன்னால் "உன் எழுத்துப்பிழையைப் பார்" என்று சொல்லப்பட்ட பிள்ளை மறுபடி எழுதத் தயங்கும்.

எட்டாம் வகுப்பில் சிக்கல் தொடங்குவது கூகுள் கணக்கில்தான். இந்தியாவில் சொந்தமாகக் கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு தொடங்கும்போது பல பிள்ளைகளுக்கு 12தான். பள்ளியே கூகுளின் கல்விக் கணக்கை இலவசமாகப் பெற்று, நிர்வாகி வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு உருவாக்கலாம். ஆனால் அதற்குப் பள்ளிக்குச் சொந்தமாக இணைய முகவரி வேண்டும், அதைப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். அது நடக்காத பள்ளியில் அப்பாவின் ஜிமெயிலில் நுழைய வேண்டியிருக்கும், அதன் கடவுச்சொல் கடைக்காரர் போட்டுக் கொடுத்ததாக இருக்கும், அப்பாவுக்கே தெரியாது. வாரத்துக்கு ஒரு லேப் பாடவேளையில் நாற்பது பேரை உள்ளே நுழைய வைப்பதற்குள் மணி அடித்துவிடும்.

சரி, அதையெல்லாம் கடந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மழை நாட்குறிப்பு கிளாஸ்ரூமில் எங்கே போகிறது? ஆசிரியரிடம் போகிறது, மதிப்பெண்ணோடு திரும்பி வருகிறது. நோட்டுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. பாட்டி சொன்ன மழைப் பெயரை அந்த ஊரில் வேறு யாரும் படிக்கவில்லை. திருத்தும் வேலைக்குக் கிளாஸ்ரூம் மிகச் சிறந்தது. வாசகரை அது தேடித் தராது.

விக்கியில் வாசகர் இருக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் அதில் இருக்கின்றன. அங்கே கணக்குத் தொடங்க மின்னஞ்சல் தேவையில்லை, உண்மைப் பெயரும் தேவையில்லை. பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பார்த்தால் இது பெரிய வசதி. மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகலாம். வரலாறு என்ற பகுதியில் யார் எப்போது எந்தச் சொல்லை மாற்றினார்கள் என்பது அப்படியே இருக்கும். ஒரு கட்டுரை எப்படி வளர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைக்குக் காட்ட முடியாது.

ஆனால் விக்கிப்பீடியாவுக்கு என்று தனி ஒழுக்கம் உண்டு. சொந்தமாகக் கண்டறிந்ததை அங்கே எழுதக் கூடாது. ஏற்கெனவே வெளியான ஆதாரத்தைக் காட்டித்தான் எழுத வேண்டும். ஆகவே நம் மழைக்கணக்குக்கும் பாட்டியின் சொல்லுக்கும் அங்கே இடமில்லை. பாடநூலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் பதிப்புரிமை காரணமாக நீக்கிவிடுவார்கள். அந்த விதிகள் நியாயமானவை, ஒரு கலைக்களஞ்சியம் அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதன்முதலாக இணையத்தில் எழுதியது மறுநாள் இல்லை என்றால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கு மேல், சொந்த ஊரின் கோயிலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ நூலகத்தில் தேடி, ஆதாரத்தோடு எழுதப் பழக்க விக்கிப்பீடியா மிக நல்ல பள்ளி. அதற்கு முந்தைய வகுப்புகள் படம் எடுத்து விக்கிமீடியா காமன்ஸ் என்ற படக் களஞ்சியத்தில் சேர்ப்பதோடு தொடங்கலாம். கண்மாய், மடை, ஊர்ச்சாவடி போன்றவற்றின் நல்ல படங்கள் இன்னும் எவ்வளவோ தேவைப்படுகின்றன.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு வலைப்பூவுக்கு வந்தால் அது பழையதாகத் தெரியலாம். இலவச வலைப்பூத் தளமான பிளாகர் 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் அதை வாங்கியது. 2004க்குப் பிறகு தமிழில் வலைப்பதிவுகள் பெருகின, அவற்றை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் திரட்டிகள் வந்தன, அப்புறம் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஃபேஸ்புக் பக்கம் போய்விட்டார்கள். ஆனால் வகுப்பறைக்குத் தேவையான குணங்கள் அந்தப் பழைய வடிவத்தில்தான் அதிகம் இருக்கின்றன.

மழை நாட்குறிப்பை அதில் வைத்துப் பாருங்கள். பதிவுகள் தேதிவாரியாகத் தாமாகவே அடுக்கப்படும். மழைக்கணக்குக்கு அதுதானே வேண்டும். "கண்மாய்", "தெரு", "பாட்டி சொன்னது" என்று குறிச்சொல் போட்டுவிட்டால் ஒரு சொடுக்கில் மூன்று மாதத்துச் செய்தியும் ஒரே பக்கத்தில் வரும். எழுத்தாக இருப்பதால் மிகக் குறைந்த டேட்டாவில் எந்தப் போனிலும் திறக்கும். படிக்கிறவருக்குக் கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் அப்பாக்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அன்றிரவு மகள் எழுதியதை அவர் தன் அறையில் படித்துவிட்டு இரண்டு வரி எழுதலாம். மறுவருடம் எட்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் போன வருட நவம்பரோடு இந்த நவம்பரை ஒப்பிடலாம். மூன்று வருடம் தொடர்ந்தால் அந்த ஊருக்கே ஒரு மழை ஆவணம் கிடைத்துவிடும்.

பிள்ளைகளுக்குக் கணக்கே தேவையில்லை என்பதுதான் இதில் முக்கியம். வகுப்புக்கு ஒரே வலைப்பூ, ஒரே கணக்கு, அது ஆசிரியருடையது. பிள்ளைகள் எப்போதும்போல் தாளில் எழுதுவார்கள். ஐந்து பிள்ளைகள் கொண்ட பதிப்புக் குழு அந்த வாரத்துக்கான எழுத்துகளைப் படித்து, நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, பிழை பார்த்து, லேப் பாடவேளையில் தட்டச்சு செய்யும். வாரம் ஒரு குழு என்று மாறிக்கொண்டே இருந்தால் எட்டு வாரத்தில் எல்லாரும் ஒருமுறை பிழை பார்த்திருப்பார்கள். தன் கட்டுரையில் கண்ணுக்குப் படாத ர, ற குழப்பம் அடுத்தவர் கட்டுரையில் பளிச்சென்று தெரியும். வீட்டுப் போனிலிருந்து எழுத விரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பிளாகரின் அமைப்புகளில் மின்னஞ்சல் வழியே பதிவிடும் வசதி இருக்கிறது. அதற்கென்று அமைக்கும் ரகசிய மின்னஞ்சல் முகவரிக்கு வரும் கடிதங்கள் வரைவாக மட்டும் சேமிக்கப்படும்படி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் பார்த்த பிறகுதான் வெளியாகும்.

இங்கே தட்டச்சு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் வினாத்தாள் இன்னும் வானவில் எழுத்துருவில்தான் அடிக்கப்படுகிறது. அதை அப்படியே வலைப்பூவில் ஒட்டினால் புரியாத எழுத்துகளாக வரும். எல்லாக் கருவியிலும் படிக்க முடியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றித்தான் போட வேண்டும், அதற்கு இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கிவிடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தமிழ் அடிக்கப் பழகிய கையை மாற்றுவது கடினம். போனில் பேசினாலே எழுத்தாகும் வசதி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வட்டாரச் சொற்களை அது தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிவிடும். பாட்டி சொன்ன சொல் பாட்டி சொன்னபடியே இருக்க வேண்டும் என்றால் அதைக் கையால் அடிப்பதே நல்லது.

வலைப்பூவின் குறை என்ன? ஆசிரியரின் நேரம்தான் பெரிய செலவு. பொதுவெளியில் போகும் ஒவ்வொரு வரியையும் அவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அடுத்தது, நன்றாக எழுதும் ஐந்து பிள்ளைகளின் மேடையாக அது சுருங்கிவிடும் ஆபத்து. எழுதத் திணறும் பிள்ளைக்கு எண் அளக்கும் பொறுப்பையும், படம் வரையும் பொறுப்பையும் கொடுத்து, அந்தப் பதிவிலும் பெயர் வரும்படி பார்த்துக்கொள்வது அவசியம். வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அரையாண்டுக்குள் ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும். ஒரு தாளில் பட்டியல் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும்.

பெயர் என்றதும் பாதுகாப்பு வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தையாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்துக்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம், பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டும். தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி முதல் படி. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வலைப்பூவைத் திறந்து காட்டி, எளிய தமிழில் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குவது இரண்டாவது. பதிவில் முதற்பெயர் மட்டும் போதும், தலைப்பெழுத்து வேண்டாம். முகம் தெரியும் படம், வீட்டு அடையாளம், போன் எண் எதுவும் கூடாது. மழைமானியைப் படம் எடுங்கள், மழைமானியைப் பிடித்திருக்கும் கையை எடுங்கள். கருத்துப் பெட்டியில், ஆசிரியர் அனுமதித்த பிறகே வெளியாகும் என்ற அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். பெற்றோர் தயங்கினால், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் படிக்கும்படி வலைப்பூவை மூடியும் வைக்கலாம். அப்போது படிக்கிறவர்களுக்கும் கூகுள் கணக்கு வேண்டியிருக்கும் என்பதால் வாசகர் குறைவார்கள். அவர்கள் தயக்கம் தீரும்வரை அப்படியே நடத்தலாம்.

பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா என்று கேட்பவர்களுக்கு: வேர்ட்பிரஸ்ஸின் இலவசத் தளத்தில் அவர்களே விளம்பரம் காட்டுவார்கள், எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. பிள்ளைகளின் எழுத்துக்குப் பக்கத்தில் அது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளாகரில் நாம் விரும்பினால்தான் விளம்பரம்.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கஹூட், கூகுள் படிவம் போன்ற வினாடி வினாக் கருவிகள் தேர்வுக்கு முன் ஒரு பாடவேளை கலகலப்பாகப் போகவும், எந்த வினாவில் பாதி வகுப்பு தடுமாறுகிறது என்று உடனே தெரியவும் உதவும். எழுத்துப் பயிற்சிக்கு அவற்றால் பயனில்லை. குறிப்பும் படமும் ஒட்டும் இணையப் பலகையான பேட்லெட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இலவசக் கணக்கில் சில பலகைகளே கிடைக்கும். பாடநூலின் கியூஆர் குறியீடு, அரசின் பாடத் தளமான திக்ஷா, கல்வித் தொலைக்காட்சி எல்லாம் பிள்ளை பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரியவை, அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு இந்த ஒப்பீடு முழுவதும் பொருந்தாது. அவர்கள் திரையில் இயக்கிப் பார்க்கும் ஜியோஜீப்ரா, ஃபெட் செயல்விளக்கங்களிலிருந்து தொடங்கலாம். ஃபெட்டின் புதிய செயல்விளக்கங்களைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத நாளிலும் ஓடும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வலைப்பூ எதற்கு, பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதி வந்துவிடுவார்களே என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. "மழையின் பயன்கள்" என்று தலைப்புக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். அதற்கு முன்னாலும் கோனார் உரையைப் பார்த்துத்தான் எழுதினார்கள். நேற்றுக் காலை 8.30க்கு நம் பாட்டிலில் எத்தனை மி.மீ. இருந்தது என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. உழவர் சந்தையில் மழைக்கு மறுநாள் தக்காளி என்ன விலை, பஸ் ஏன் வரவில்லை, அம்மா துணியை எங்கே காயப்போட்டார் என்று கேளுங்கள். பிள்ளை தானே போய்ப் பார்க்க வேண்டும், யாரிடமாவது பேச வேண்டும். அப்படி எழுதியதைத்தான் ஊரும் படிக்க விரும்பும்.

ஆக, நாட்டுப்புறத்து அரசுப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புக்குத் தமிழோ சமூக அறிவியலோ எடுக்கிறவர் என்னைக் கேட்டால், ஆசிரியர் கணக்கில் ஒரு வகுப்பு வலைப்பூ, அதன் இணைப்பை அனுப்ப மட்டும் வாட்ஸ்அப் என்பேன். மேல்நிலை வகுப்புக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியே கணக்குக் கொடுத்திருக்கும் இடத்துக்கும் கிளாஸ்ரூமை முதலில் வைப்பேன். அங்கே திருத்தி முடித்தவற்றில் நல்லதை வலைப்பூவில் வெளியிடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெளியே எடுக்கும் வழி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். உலகெங்கும் ஆசிரியர்கள் வகுப்பு விக்கிகள் நடத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடத் தொடங்கியது. வகுப்புத் தளமான எட்மோடோ 2022 செப்டம்பரில் நின்றது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜேம்போர்டு 2024 முடிவோடு போய்விட்டது. பிளாகருக்கும் ஒருநாள் அது நடக்கலாம். அதில் உள்ளடக்கத்தைக் காப்பெடுக்கும் பொத்தான் அமைப்புகள் பக்கத்திலேயே இருக்கிறது. அழுத்தினால் எல்லாப் பதிவும் கருத்தும் ஒரே கோப்பாக இறங்கும். படங்கள் அதில் வராது, அவற்றைத் தனி உறையில் சேர்த்து வாருங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டையும் லேப் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்துவிடுங்கள். அப்புறம், பள்ளியின் பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி அதை இரண்டாவது நிர்வாகியாகச் சேருங்கள். மே மாதக் கலந்தாய்வில் உங்களுக்கு இடமாறுதல் வந்தால், அடுத்து வரும் ஆசிரியர் ஜூனிலேயே அதே வலைப்பூவில் தொடரலாம்.